வாய்ச்சொல் தள்ளுபடியும் வழக்காடும் கணிப்பொறியும்

நிதியாண்டுக் கணக்கு முடிந்த கையோடு நம்மிடம் ஒரு பஞ்சாயத்து வந்தது. இரு தரப்பாரும் நமக்கு வேண்டியவர்கள். ஒருவர் மொத்த மளிகை வியாபாரி. மற்றவர் அவரிடம் இருபது ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர். ஊரும் பேரும் இங்கே வேண்டாம். விஷயம் மட்டும் போதும்.

"வருஷத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல எடுத்தா ரெண்டு பர்சென்ட் தர்றேன்" என்று மொத்த வியாபாரி சித்திரை மாதத்தில் சொல்லியிருந்தார். கடைக்காரர் அதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் வேறு கடைப் படி ஏறாமல் வாங்கினார். மார்ச் கடைசி வாரத்தில் கூட்டிப் பார்த்தார். கொஞ்சம் குறைந்தது. வட்டிக்குப் பணம் புரட்டி, உடனே தேவைப்படாத பருப்பு மூட்டைகளையும் இறக்கிக்கொண்டார். அவருடைய சிட்டையில் மொத்தம் 6,20,000 ரூபாய். ஆக 12,400 ரூபாய் வரவேண்டும் என்று போய் நின்றார்.

மொத்த வியாபாரியின் கடையில் பில் போடும் பையன் கணிப்பொறியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணும் இல்லை. ஆறு லட்சம் தாண்டலை" என்றான். கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது.

கணக்கை நாம் வாங்கிப் பார்த்தோம். இருவர் கணக்கும் சரி! கடைக்காரர் கூட்டியது வரியோடு சேர்ந்த பில் தொகை. கணிப்பொறி கூட்டியது வரி நீங்கலான தொகை. எடுத்த சரக்கு முழுவதும் 5 சதவீத வரிச் சரக்கு. 6,20,000-ஐ வரி நீக்கிப் பார்த்தால் 5,90,476 ரூபாய். ஆறு லட்சத்துக்கு 9,524 குறைவு. "வரியோடா, வரி இல்லாமலா?" என்ற ஒரு கேள்வியைச் சித்திரையில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

மொத்த வியாபாரி பெருந்தன்மையாக 5,90,476-க்கே இரண்டு சதவீதம் போட்டு 11,810 ரூபாய் கொடுத்தார். பணம் தீர்ந்தது, மனத்தாங்கல் தீரவில்லை. அந்தக் கடைக்காரர் இப்போது பாதிச் சரக்கை வேறிடத்தில் எடுக்கிறார். பன்னிரண்டாயிரத்துக்காக ஆறு லட்ச வியாபாரத்தில் பாதி போயிற்று. இதைப் படிக்கும் பலருக்கு இது போல ஒன்று நினைவுக்கு வரும் என்றே நினைக்கிறோம்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தள்ளுபடி என்பது தயவு அல்ல, ஒப்பந்தம். அதன் நிபந்தனைகளை முதலில் தாளில் எழுதி, வாங்குபவர் கையில் ஒரு பிரதி கொடுத்து, அதன் பிறகே கணிப்பொறியில் ஏற்ற வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

கணிப்பொறிக்கு முகதாட்சண்யம் கிடையாது

பேரேடு எழுதிய காலத்தில் கணக்குப்பிள்ளைக்கு எல்லா வாடிக்கையாளரையும் தெரியும். "இவர் நல்ல பார்ட்டி, போட்டுக் கொடு" என்று முதலாளி கண் காட்டினால் போதும். அந்த ஏற்பாட்டில் நெளிவு சுளிவு இருந்தது. இன்று அந்த இடத்தில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சொல்லிக் கொடுத்ததை மட்டும் செய்யும், சொல்லாததை ஊகிக்காது. சொல்லாமல் விட்ட இடத்தில், அதை எழுதிய கம்பெனி எதை வழக்கமாக வைத்ததோ அதையே செய்யும். மேலே சொன்ன வழக்கில் நடந்தது இதுதான். வரி நீங்கலாகக் கூட்ட வேண்டும் என்று தீர்மானித்தது முதலாளி அல்ல, மென்பொருளின் முன்னமைப்பு.

பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் எஸ்.ஏ.பி. போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு தள்ளுபடியும் தனி நிபந்தனைப் பதிவாக இருக்கும். யாருக்கு, எந்தச் சரக்குக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எவ்வளவு என்று அதில் கட்டம் கட்டமாகக் கேட்கும். நம்மில் பலர் வைத்திருக்கும் டேலியிலும் வாடிக்கையாளர் வகைக்கு ஒரு 'பிரைஸ் லெவல்', அளவுக்கு ஏற்ற விலை, தள்ளுபடி சதவீதம், அமலாகும் தேதி ஆகியவற்றை ஏற்றும் வசதி உண்டு. வசதி இருக்கிறது, நாம்தான் அதைத் தொடாமல், பில் போடும்போது கையால் தள்ளுபடி தட்டிக்கொண்டிருக்கிறோம்.

தாளில் எழுத வேண்டியவை

பில் தள்ளுபடி, ரொக்கத் தள்ளுபடி, பத்துக்கு ஒன்று இலவசம், ஆண்டுக் கொள்முதல் தள்ளுபடி என்று நம் தொழிலில் பலவகை உண்டு. எதுவானாலும் கீழ்க்கண்ட கேள்விகளுக்கு விடை எழுதாமல் கணிப்பொறியின் முன் உட்காரவேண்டாம்.

ஒன்று, எதன் மீது? வரியோடா, வரி நீங்கலாகவா? நாம் வரி நீங்கலாக என்றே சொல்வோம். காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், குளியல் சோப், பற்பசை போன்றவற்றின் வரி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அதற்கு முந்தின நாள் 118 ரூபாயாக இருந்த பில், அடிப்படை விலை மாறாமலே 105 ரூபாய் ஆயிற்று. வரியோடு இலக்கு வைத்திருந்தவர்கள் அதே அளவு சரக்கு எடுத்தும் இலக்கைத் தொட முடியாமல் போனார்கள். வரி விகிதம் அரசின் கையில் இருப்பது. நம் ஒப்பந்தம் அதைச் சார்ந்து நிற்கக்கூடாது.

இரண்டு, படியா, முழுதுமா? "ஐந்து லட்சம் வரை ஒரு சதவீதம், அதற்கு மேல் இரண்டு சதவீதம்" என்று சொல்கிறோம். ஒருவர் ஆறு லட்சத்துக்கு எடுத்தால் என்ன? முதல் ஐந்து லட்சத்துக்கு 5,000, அடுத்த ஒரு லட்சத்துக்கு 2,000, ஆக 7,000 என்பது படிக் கணக்கு. ஐந்து லட்சம் தாண்டியதால் முழுத் தொகைக்கும் இரண்டு சதவீதம், ஆக 12,000 என்பது முழுக் கணக்கு. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம்; இடையில் 5,000 ரூபாய். விற்பவர் காதில் ஏழும், வாங்குபவர் காதில் பன்னிரண்டும் விழுவது இயற்கை. இரண்டில் எது என்பதோடு, மேலே செய்தது போல ஓர் உதாரணக் கணக்கையும் அந்தத் தாளிலேயே போட்டுக் காட்டிவிடுங்கள்.

மூன்று, எந்தச் சரக்கு? சர்க்கரை, எண்ணெய் போன்றவற்றில் நமக்கு நிற்பது சொற்பம். ஒரு கணக்குக்கு, 2,100 ரூபாய் சர்க்கரை மூட்டையில் 20 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சதவீதம் கொடுத்தால் 42 ரூபாய் போய்விடும். மூட்டைக்கு 22 ரூபாய் கைநஷ்டம். ஆகவே சரக்குகளை வகை பிரித்து, தள்ளுபடி இல்லாத வகை எது என்று எழுதவேண்டும். அந்தச் சரக்கு இலக்குத் தொகையில் சேருமா, அல்லது அதற்கும் சேராதா என்பதையும் எழுதவேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பெரும்பாலான தகராறு இங்கேதான் பிறக்கிறது.

நான்கு, யாருக்கு? அப்பா பெயரில் ஒரு கணக்கு, மகன் பெயரில் ஒரு கணக்கு, கடைத்தெருவில் ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று என்று நம் வாடிக்கையாளர்களுக்கு உண்டு. கணிப்பொறிக்கு அவர்கள் இரண்டு பேர். கூட்டிக் கொடுப்பதானால் ஒரே குழுவில் சேர்க்கவேண்டும். இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

ஐந்து, எந்த நாள் முதல் எந்த நாள் வரை? தேதி இல்லாத தள்ளுபடி கணிப்பொறியில் சாகாவரம் பெற்றது. தீபாவளிக்கு ஏற்றிய சலுகை பொங்கல் தாண்டியும் பில்லில் ஓடிக்கொண்டிருந்ததை நாமே நம் கடையில் கண்டிருக்கிறோம். முடிவுத் தேதியைக் காலியாக விடும் பழக்கத்தை ஒழியுங்கள். ஆண்டு நடுவில் பேசி முடித்தால், முன்பு எடுத்த சரக்கு சேருமா என்பதையும் எழுதுங்கள்.

ஆறு, திருப்பிய சரக்கு? காலாவதி, உடைசல், வண்டு என்று திரும்பி வருவதைக் கழிப்பீர்களா? கழிப்பதே முறை. ஆனால் நாம் கெட்ட சரக்கு அனுப்பியதால் அவர் இலக்கைத் தவறவிட்டால் அது நியாயமா என்றும் யோசிக்கவேண்டும்.

ஏழு, பணம் எப்போது? ஏழு நாளில் ரொக்கம் என்றால், காசோலை கொடுத்த நாளா, வங்கியில் வரவான நாளா? பாக்கி வைத்திருப்பவருக்கு ஆண்டுத் தள்ளுபடி உண்டா, இல்லையா? "பாக்கியில் கழித்துக்கொண்டோம்" என்று கடைசி நாளில் சொல்வது நல்ல வியாபாரம் அல்ல. கழிப்பதானால் முதல் நாளே சொல்லுங்கள்.

எது முதலில், எது பின்னால்

இரண்டு தள்ளுபடிகள் ஒரே பில்லில் வரும்போது மென்பொருள் ஒரு வரிசையில் கணக்கிடும். ஆயிரம் ரூபாய்க்கு 3 சதவீதம் வியாபாரத் தள்ளுபடி போனால் 970. அதன் மீது 2 சதவீதம் ரொக்கத் தள்ளுபடி 19 ரூபாய் 40 காசு போனால் 950 ரூபாய் 60 காசு. இரண்டையும் கூட்டி 5 சதவீதம் என்று போட்டால் 950. அறுபது காசுதானே என்று எண்ணவேண்டாம். ஐம்பது லட்ச ரூபாய் விற்பனையில் அது 3,000 ரூபாய்.

அது போலவே, ஒரு வாடிக்கையாளருக்குத் தனிச் சலுகையும் உண்டு, அவர் இருக்கும் குழுவுக்குப் பொதுச் சலுகையும் உண்டு என்றால், இரண்டும் சேருமா, தனிச் சலுகை மட்டும் போதுமா? இதை நாம் சொல்லாவிட்டால் மென்பொருள் இரண்டையும் கொடுத்துக்கொண்டிருக்கும். அல்லது இரண்டில் ஒன்றைத் தன்னிஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும்.

பத்துக்கு ஒன்று இலவசம் என்பதைப் பத்து சதவீதம் என்று பலர் ஏற்றிவிடுகிறார்கள். அது தவறு. பதினோரு உருப்படிக்குப் பத்தின் விலை. ஆகவே அது 9.09 சதவீதம். மேலும் அதைச் சதவீதமாக ஏற்றினால் இருப்புக் கணக்கில் அந்த ஒரு உருப்படி காணாமல் போகும். இலவச எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஏற்றுவதே சரி.

வரிக் கண்ணோட்டம்

2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி, சரக்கு விற்கும் முன்போ, விற்கும்போதோ கொடுத்து, பில்லிலேயே காட்டிய தள்ளுபடிக்கு வரி கிடையாது. விற்றபின் கொடுக்கும் தள்ளுபடிக்கு, அதற்கு முன்னரே ஒப்பந்தம் இருந்தாக வேண்டும், குறிப்பிட்ட பில்களோடு அதைப் பொருத்திக் காட்டவேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்டது. வாய்ச்சொல்லாகத் தள்ளுபடி தந்தவர்கள் அந்த இடத்தில்தான் சிக்கினார்கள். 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்த நிபந்தனையை நீக்கும்படி பரிந்துரைத்தது. உங்கள் பில்களுக்கு எந்தத் தேதியிலிருந்து எந்த விதி பொருந்தும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நிச்சயம். வரியைக் குறைத்து கிரெடிட் நோட் போட்டால், வாங்கியவர் தாம் எடுத்த உள்ளீட்டு வரியை அந்த அளவுக்குத் திருப்பியாக வேண்டும். வரியைத் தொடாமல் வியாபார கிரெடிட் நோட்டாகத் தொகையை மட்டும் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே சிறு கடைக்காரருக்கு ஒரு நுட்பம் உண்டு. காம்பொசிஷன் முறையில் இருப்பவர் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. அவருக்கு 12,000 ரூபாயை ஆண்டு இறுதியில் வரியைத் தொடாத நோட்டாகக் கொடுத்தால் 12,000 மட்டுமே கிடைக்கும். அதையே அவ்வப்போது பில்லில் கழித்திருந்தால், 5 சதவீத வரியும் குறைந்து மேலும் 600 ரூபாய் அவருக்கு மிஞ்சியிருக்கும். விற்பவருக்கு இதனால் காலணா நஷ்டமில்லை. இப்படிப்பட்ட வாடிக்கையாளரைத் தனிக் குழுவாகப் பிரித்து, பில் தள்ளுபடியாகவே கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தங்கக் காசு, டி.வி., சுற்றுலா என்று பரிசாகத் தருபவர்கள் கவனிக்க: 2022 ஜூலை 1 முதல் இத்தகைய வியாபாரப் பரிசுகள் ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வருமான வரி பிடிக்கும் விதி வந்திருக்கிறது. முந்தைய ஆண்டில் ஒரு கோடிக்கு மேல் வியாபாரம் செய்த தனிநபர் வணிகருக்கும் இது பொருந்தும். நேரான விலைத் தள்ளுபடிக்கும் ரொக்கத் தள்ளுபடிக்கும் இந்தப் பிடித்தம் வேண்டியதில்லை என்று வருமான வரித் துறை அப்போதே விளக்கம் தந்தது. பரிசைவிடத் தள்ளுபடியே சுத்தம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடுக்க வேண்டியதை ஒதுக்கி வையுங்கள்

மொத்த வியாபாரிகளுக்கு இன்னொரு வார்த்தை. நாற்பது வாடிக்கையாளர், ஆளுக்கு ஆறு லட்சம் என்றால் 2 கோடியே 40 லட்சம். அதற்கு இரண்டு சதவீதம் 4,80,000 ரூபாய். ஆண்டு முழுதும் இதை லாபம் என்று எண்ணிக் கையை விட்டுச் செலவு செய்துவிட்டு, ஏப்ரலில் கைபிசைந்து நிற்பவர்களை நாம் அறிவோம். வாடிக்கையாளரிடம் நொண்டிச் சாக்கு சொல்லும் பழக்கம் இந்தப் பணமுடையிலிருந்துதான் வருகிறது. பத்தாயிரம் ரூபாய் பில் போட்டால் 200 ரூபாயைத் 'தள்ளுபடி நிலுவை' என்ற தலைப்பில் அன்றே ஒதுக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகள் இப்படித்தான் செய்கின்றன. அது நம் பணம் அல்ல, நம்மிடம் இருக்கும் அவர் பணம்.

அமைப்பு முடிந்ததும் உடனே ஓட விடாதீர்கள். சென்ற ஆண்டுப் பில்களில் பத்தை எடுத்து, கையால் கணக்குப் போட்டு, கணிப்பொறியின் விடையோடு ஒப்பிடுங்கள். இலக்குக்கு ஒரு ரூபாய் குறைவாக ஒன்று, சரியாக இலக்கில் ஒன்று, ஒரு ரூபாய் கூடுதலாக ஒன்று என்று மூன்று பொய்ப் பில் போட்டுப் பாருங்கள். அதன் பின் தள்ளுபடிக் கட்டத்துக்குப் பூட்டுப் போட்டு, கடவுச்சொல்லை முதலாளி தம் கையில் வைத்துக்கொள்ளட்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு இருக்கவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு இது கட்டாயம். தனி வணிகர்களுக்கும் கூட்டு வணிகர்களுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை; ஆனாலும் நல்லது.

நாம் கேட்பதை நாம் கொடுக்கிறோமா?

இவ்வளவும் எழுதக் காரணம் கணிப்பொறி அல்ல. 2021 டிசம்பரில் நாடு முழுவதும் உள்ள நுகர்பொருள் விநியோகஸ்தர்கள், பெரிய கடைகளுக்கும் ஆன்லைன் மொத்த வியாபாரிகளுக்கும் தரும் விலையைத் தங்களுக்கும் தரவேண்டும் என்று கம்பெனிகளை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். இது புதிய கதையும் அல்ல. அமெரிக்காவில் ஏ. அண்டு பி. போன்ற சங்கிலி மளிகைக் கடைகளுக்குக் கிடைத்த மறைமுகத் தள்ளுபடியால் சிறு கடைகள் நசிகின்றன என்று எழுந்த குரலால் 1936-இலேயே ராபின்சன்-பாட்மன் சட்டம் வந்தது. சிறு வணிகரின் குறை எங்கும் ஒன்றுதான். பக்கத்துக் கடைக்கு என்ன விலை என்று நமக்குத் தெரிவதில்லை.

கம்பெனியிடம் நாம் வெளிப்படையான விலை கேட்கிறோம். ஆனால் நம்மிடம் வாங்கும் தெருக்கோடிக் கடைக்காரருக்கு நாம் என்ன செய்கிறோம்? சத்தம் போடுபவருக்கு மூன்று, சாதுவுக்கு ஒன்று. இதுவும் மறைமுகத் தள்ளுபடிதானே? அதிகம் எடுப்பவருக்கு அதிகம் கொடுப்பதில் தவறில்லை. வண்டிக்கூலி மிச்சம், கடன் சுமை குறைவு என்று அதற்குக் காரணம் உண்டு. ஆனால் எந்தப் படியில் ஏறினால் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஏறுவதும் ஏறாததும் அவர் பாடு.

"விலைப் படியை வெளியே சொன்னால் போட்டிக்காரனுக்குத் தெரிந்துவிடுமே" என்பார்கள் சிலர். நம் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குள் தெரியாத விலை எது? மறைப்பதால் போட்டிக்காரரிடமிருந்து நாம் காப்பாற்றுவது ஒன்றுமில்லை. வாடிக்கையாளரின் நம்பிக்கையைத்தான் இழக்கிறோம். "பேரம் பேசுவதே வியாபாரம்" என்பார்கள் வேறு சிலர். பேசுங்கள்; பேசி முடித்ததை எழுதுங்கள் என்பதே நம் கோரிக்கை.

சில்லறை வணிகர்களும் சும்மா இருக்கலாகாது. தள்ளுபடி உண்டு என்று சொன்னால், "எழுதிக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இதுவரை எவ்வளவு சேர்ந்தது என்று ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருளில் அது ஒரு நிமிட வேலை. அப்படி ஒரு சீட்டு டிசம்பரில் கிடைத்திருந்தால், நாம் மேலே சொன்ன கடைக்காரர் மார்ச் மாதத்தில் வட்டிக்கு வாங்கிப் பருப்பு இறக்கியிருக்கமாட்டார். இறக்கினாலும் எவ்வளவு இறக்கவேண்டும் என்று தெரிந்து இறக்கியிருப்பார்.

அடுத்த நிதியாண்டு பிறக்கும் முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு தாள், ஒரு பேனா, மேலே சொன்ன ஏழு கேள்விகள். எழுதியதைக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். வாடிக்கையாளர் கையில் ஒன்று கொடுங்கள். பிறகு கணிப்பொறியைத் திறக்கலாம்.